அம்மாவுக்கும் அண்ணனுக்கும் நடுவில்

அண்ணன் பெந்தெகொஸ்தே சபைக்குப் போனதிலிருந்து அம்மாவும் அவரும் பேசுவதில்லை, தூது போவது நீங்கள்தான் என்கிறீர்கள். அதை நிறுத்தினால் தாயைக் கனம்பண்ணாத பாவமாகுமா என்றும் கேட்கிறீர்கள். ஆகாது.

இருவருக்குள் பதற்றம் ஏறினால் மூன்றாவது ஆளை உள்ளே இழுப்பார்கள். அமெரிக்க மனநல மருத்துவர் மர்ரே போவென் இதை முக்கோணம் என்றார். எட்வின் ஃப்ரீட்மன் என்ற யூத ரபி 1985இல் வந்த தன் நூலில் இதைச் சபைகளுக்கும் பொருத்திக் காட்டினார்.

பைபிளில் லூக்கா 12ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். சகோதரனிடமிருந்து சொத்தில் பங்கு வாங்கித் தரச் சொல்லி ஒருவன் வருகிறான். தன்னைப் பங்கு பிரிப்பவனாக வைத்தது யார் என்று கேட்டு இயேசு மறுக்கிறார். ஆனால் அவனை விரட்டவில்லை, பேராசையைப் பற்றி அங்கேயே பேசுகிறார். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

விலகிப் போவதும் தீர்வல்ல. போவென் அதையும் குறையாகத்தான் பார்த்தார். தினமும் அம்மாவுக்குப் போன் பண்ணுங்கள். அண்ணன் பேச்சு வந்தால், "அதை அவன்கிட்டயே கேளுங்கம்மா, நீங்க சாப்பிட்டீங்களா?" என்று கேளுங்கள். எங்கள் வீட்டில் இப்படித் தொடங்கியபோது அம்மா இரண்டு வாரம் கோபமாக இருந்தார். அப்புறம் அவரே என் தம்பியை அழைத்தார்.