எட்டு நாளில் மொரீஷியஸ்: எதைக் காட்டுவது, எதை விடுவது?

கேள்வி: நாங்கள் வாக்வாவில் இருக்கிறோம். கணவருக்கு எபேனில் வேலை. வரும் ஜூலையில் மதுரையிலிருந்து அப்பாவும் அம்மாவும் முதல் தடவையாக எங்களைப் பார்க்க வருகிறார்கள், எட்டு நாள் இருப்பார்கள். அப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். அம்மாவுக்கு மூட்டுவலி. இருவரும் சைவம். பையனுக்கு ஒன்பது வயது, தாத்தாவோடு கடலில் குளிக்கணும் என்று இப்போதே குதிக்கிறான். டூர் ஏஜென்ட் ஒருவர் வடக்கு ஒரு நாள், தெற்கு ஒரு நாள், இல் ஓ செர்ஃப் தீவு ஒரு நாள், டால்பின் ஒரு நாள் என்று எட்டு நாளையும் நிரப்பி ஒரு பட்டியல் கொடுத்திருக்கிறார். நடுவில் இரண்டு நாள் ரோட்ரிக்ஸ் தீவுக்கும் போய் வரலாமா என்று கணவர் கேட்கிறார். எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது?
ஒரு வாசகி, வாக்வா

பதில்: அன்புச் சகோதரி, முதலில் அந்தப் பட்டியலை ஓரமாக வையுங்கள். அது இங்கே யாரையும் தெரியாத ஆட்களுக்காகப் போட்டது. உங்கள் அப்பா அம்மா தீவைப் பார்க்க மட்டும் வரவில்லை, மகள் எந்த வீட்டில் இருக்கிறாள், எந்தக் கடையில் காய் வாங்குகிறாள், பேரன் எந்த வழியாகப் பள்ளிக்கூடம் போகிறான் என்று பார்க்கவும்தான் வருகிறார்கள். அதனால் எட்டில் இரண்டு நாளாவது ஒன்றும் வைக்காமல் விடுங்கள். வந்து இறங்கிய மறுநாள் எதையுமே வைக்காதீர்கள்.

தெற்கு வடக்காக 65 கிலோமீட்டர், அகலம் 45 கிலோமீட்டர்தானே, ஒரே நாளில் சுற்றிவிடலாமே என்று இங்கே வருகிற எல்லாரும் கணக்குப் போடுகிறார்கள். ஜூலை கரும்பு வெட்டும் காலம் என்பதை அந்தக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை. ஆலைக்குப் போகும் கரும்பு லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் முந்தவும் முடியாது, சாயங்காலம் ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடும், மூட்டுவலிக்காரரை வேனில் மணிக்கணக்காக உட்கார வைத்து இறக்கினால் அடுத்த நாள் முழுக்கப் படுக்கைதான். காலையில் ஒரு இடம், சாப்பாடு, அப்புறம் கடலோ வீடோ, அவ்வளவு போதும்.

கடலைப் பற்றிச் சொல்கிறேன், இதில்தான் ஏஜென்ட் பட்டியல் பெரிய தப்புப் பண்ணியிருக்கிறது. ஜூலை, ஆகஸ்டில் இங்கே தென்கிழக்கிலிருந்து விடாமல் காற்று அடிக்கும். அந்த மாதங்களில் கிழக்குக் கரையில் மணல் முகத்தில் அறைகிற நாட்கள் உண்டு. இல் ஓ செர்ஃப் இருப்பது அந்தப் பக்கம்தான். அலையடிக்கிற நாளில் வேகப்படகு தூக்கித் தூக்கிப் போட்டால் உங்கள் அம்மாவின் முட்டி என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அதைத் தயங்காமல் எடுத்துவிடலாம். மலையும் மேட்டு நிலமும் காற்றை மறைப்பதால் மேற்கே ஃபிளிக் ஆன் ஃபிளாக்கும், வடமேற்கே மோன் ஷ்வாசி, துரூ ஓ பீஷ் பக்கமும் அதே நாளில் அமைதியாக இருக்கும். வாக்வாவில் தூறல் போட்டுக் குளிரும்போது கீழே ஃபிளிக் ஆன் ஃபிளாக்கில் வெயிலடிப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். தண்ணீர் கொஞ்சம் சில்லென்று இருக்கும், பத்து நிமிஷத்தில் பழகிவிடும்.

பையன் விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். தீவைச் சுற்றிப் பவளத்திட்டு அரணாக நிற்பதால்தான் உள்ளே கடல் குளம் போல் கிடக்கிறது. அந்தத் திட்டு உடைந்து வழிவிடுகிற இடங்களில் நீரோட்டம் ஆளை வெளியே இழுத்துவிடும். தெற்கே சுய்யாக் பக்கம் கிரி கிரியில் திட்டே கிடையாது, பெருங்கடல் நேராகப் பாறையில் வந்து மோதும். அங்கே நின்று பார்க்கலாம், பார்க்க வேண்டிய இடமும்கூட, ஆனால் காலை நனைக்கக்கூட இறங்க விடாதீர்கள். மற்ற இடங்களில் எல்லாருக்கும் ரப்பர் செருப்பு வாங்கிவிடுங்கள், கடையில் மலிவாகவே கிடைக்கும். கடல் முள்ளெலியும், இங்கே லாஃப் என்று சொல்கிற கல்மீனும் அடியில் கல்லோடு கல்லாகக் கிடக்கும். கல்மீனின் முள் விஷம், வலி தாங்க முடியாது. குத்தினால் தாங்குகிற அளவு சூடான தண்ணீரில் காலை வைத்து உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும். பையன் சங்கு, பவளத் துண்டு பொறுக்க ஆரம்பித்தால் திரும்ப வைக்கச் சொல்லுங்கள், எடுத்துப் போக அனுமதி இல்லை.

கரையெல்லாம் ஓட்டல்காரர்களுடையது என்று அப்பா தயங்கினால் அப்படி இல்லை என்று சொல்லுங்கள். அலை ஏறி வருகிற கோடு வரை கடற்கரை பொதுமக்களுடையது, ஓட்டல் முன்னால் இருக்கும் மணலிலும் தாராளமாக நடக்கலாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமையை மட்டும் இதற்கென்றே ஒதுக்கி வையுங்கள். ஃபிளிக் ஆன் ஃபிளாக்கிலோ மோன் ஷ்வாசியிலோ சவுக்கு மரத்தடியில் குடும்பம் குடும்பமாகப் பாயும் பாத்திரமுமாக வந்து இறங்குவார்கள். நீங்களும் புளியோதரை கட்டிக்கொண்டு போய் அவர்கள் பக்கத்தில் ஒரு மரத்தடியைப் பிடியுங்கள். மத்தியானத்துக்கு மேல் யாராவது சருகைக் கூட்டித் தீ மூட்டி, அகலமான ஆட்டுத்தோல் மேளத்தை, ரவான் என்பார்களே அதை, நெருப்புக்கு நேரே பிடித்துத் திருப்பித் திருப்பிக் காட்டுவார்கள். தோல் சூடேறி இறுக இறுக விரலால் தட்டிப் பார்ப்பார்கள், சத்தம் சரியாக வந்ததும் சேகா ஆரம்பித்துவிடும். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மக்கள் உண்டாக்கிய ஆட்டம் அது, 2014இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். ஓட்டலில் சாப்பாட்டுக்கு நடுவே ஆடிக் காட்டுவதைவிட இதைத்தான் உங்கள் பெற்றோர் பார்க்கணும்.

அப்பாவுக்காக ஒரு நாள் தலைநகர் போர்ட் லூயி. கார் வேண்டாம், நிறுத்த இடம் தேடியே பாதி நாள் போய்விடும், மெட்ரோவிலேயே போங்கள், அம்மாவுக்கும் அது சௌகரியம். காலையில் நேராக அப்ரவாசி காட் இறங்குதுறைக்கு. 1834 முதல் 1920 வரை ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக இந்தத் தீவுக்கு வந்தார்கள், கல்கத்தாவிலிருந்து, சென்னையிலிருந்து, பம்பாயிலிருந்து. கப்பலை விட்டு இறங்கியவர்கள் ஏறி வந்த 16 கற்படிகள் இன்னும் இருக்கின்றன. அவர்கள் தங்கவைக்கப்பட்ட கொட்டகை, சமையல் நடந்த இடம், மருத்துவமனைக் கட்டடம் எல்லாம் சின்னச் சின்னதாகத்தான் இருக்கும், வெளியிலிருந்து பார்த்தால் பழைய சரக்குக் கிட்டங்கி என்றுதான் தோன்றும், ஏஜென்ட் பட்டியலில் இதற்கு இருபது நிமிஷம் போட்டிருந்தாலும் ஆச்சரியமில்லை. அந்தப் படிகளின் முன்னால் உங்கள் அப்பா எவ்வளவு நேரம் நிற்க ஆசைப்படுகிறாரோ அவ்வளவு நேரம் நிற்கட்டும். பையனை அவர் பக்கத்தில் விடுங்கள், தாத்தா சொல்லிக் கேட்டால் அவனுக்கு அது வாழ்நாளுக்கும் நிற்கும். 2006இல் அது உலகப் பாரம்பரியச் சின்னமானது.

தமிழர்கள் அப்போதுதான் வந்தார்களா என்று அவர் கேட்பார். இல்லை, அதற்கும் சுமார் நூறு வருஷம் முன்னால், 1730களில், பிரெஞ்சுக்காரர்களின் ஆளுநர் லபூர்தோனே காலத்திலேயே புதுச்சேரிப் பக்கத்திலிருந்து கொத்தர்களும் தச்சர்களும் வந்துவிட்டார்கள், இந்தத் துறைமுக நகரத்தை எழுப்பியதில் அவர்கள் கைக்கும் பங்கு உண்டு. அங்கிருந்து டாக்ஸி பிடித்துச் செந்த் க்ருவாவில் இருக்கிற கைலாசம் கோயிலுக்குக் கூட்டிப் போங்கள். சொக்கலிங்கமும் மீனாட்சியம்மனும்தான் அங்கே குடியிருக்கிறார்கள். மதுரைக்காரர்களுக்கு வேறென்ன சொல்ல வேண்டும்! கத்ர் போர்னில் கோர் த கார்த் மலைச்சரிவில் இருக்கும் முருகன் கோயிலும் அழகுதான், தைப்பூசக் காவடிக்கு ஊரே அங்கே திரளும், ஆனால் படி ஏறணும், அம்மாவால் முடியுமா என்று அன்றைக்குப் பார்த்து முடிவு பண்ணுங்கள்.

அப்பா கையில் ஒரு நூறு ரூபாய்த் தாளைக் கொடுங்கள். அதில் தமிழ் எழுத்தும் இருக்கும், படத்தில் இருப்பவர் ரங்கநாதன் சீனிவாசன், இந்த நாட்டின் சுதந்திரத்துக்கு முந்தைய காலத்தில் அரசியலில் பெரிய பங்கு வகித்த தமிழ் வழக்கறிஞர். இன்னொன்று, மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் ஒப்பந்தக் கூலிகளின் பதிவேடுகளும் புகைப்படங்களும் பாதுகாக்கப்படுகின்றன. உங்கள் பக்கத்து வீட்டில் மொரீஷியஸ் தமிழ்க் குடும்பம் இருந்தால், தங்கள் கொள்ளுத்தாத்தாவின் பதிவைத் தேட நினைத்துத் தள்ளிப்போட்டவர்களாக இருந்தால், விசாரித்துக்கொண்டு அப்பாவோடு சேர்ந்து போகச் சொல்லுங்கள். அவர்களுக்குத் தமிழ் சரளமாக வராமல் இருக்கலாம், அப்பாவுக்குக் கிரியோல் வராது, நடுவில் நீங்கள் இருக்கிறீர்களே.

சாப்பாட்டுக்குக் கவலையே வேண்டாம். போர்ட் லூயியிலோ ரோஸ் ஹில்லிலோ தள்ளுவண்டி முன்னால் வரிசையில் நின்று டால் பூரி வாங்கிக் கொடுங்கள். ஜோடியாகத்தான் கொடுப்பார்கள், அவித்து அரைத்த பருப்பை உள்ளே வைத்துத் தேய்த்த மெல்லிய பூரி, அதன்மேல் பெரிய வெள்ளைப் பயறுக் குழம்பு, தக்காளித் தொக்கு, கொத்துமல்லிச் சட்னி, மிளகாய் வேண்டுமா என்று கேட்டுவிட்டுத்தான் வைப்பார்கள், தாளில் சுருட்டிக் கையில் தந்ததும் அங்கேயே நின்று சூடாகச் சாப்பிட்டுவிட வேண்டும். மிளகாய்க் கத்தோ நம்ம பருப்பு வடைக்குத் தம்பி, ரொட்டிக்குள் வைத்துத் தின்பார்கள். சந்தையில் சப்ஜா விதையும் கடல்பாசியும் போட்ட அலூடா குடிக்கலாம். வாழையிலையில் ஏழு கறி போடுகிற சாப்பாட்டுக்கு யாராவது தெரிந்த குடும்பம் கூப்பிட்டால் வேறு எந்தத் திட்டம் இருந்தாலும் மாற்றிவிட்டுப் போங்கள்.

தெற்கு, மேற்கு எல்லாவற்றையும் ஒரே வளையமாகப் பார்க்க ஒரு நாள் போதும், வாக்வாவிலிருந்து அது நேர்வழி. காலையில் கங்கா தலாவ் ஏரி, அங்கே 33 மீட்டர் சிவன் சிலை, குரங்குகள் பிரசாதப் பையைப் பிடுங்கும், கவனம். அப்புறம் காட்டு வழியில் பிளாக் ரிவர் பள்ளத்தாக்கு தெரியும் இடத்தில் காரை நிறுத்தலாம். அங்கிருந்து ஷமரேல். ஏழு வண்ண மண் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அரை மணி நேரத்தில் பார்த்து முடித்துவிடுவீர்கள், அதை நம்பி ஒரு நாளைச் செலவழிக்காதீர்கள். மலையிறங்கினால் ல மோர்ன். தப்பியோடிய அடிமைகள் ஒளிந்திருந்த 556 மீட்டர் மலை அது. 1835 பிப்ரவரி 1இல் அடிமைமுறை ஒழிந்தது, அந்தச் செய்தியைச் சொல்ல வந்த சிப்பாய்களை, தங்களைப் பிடிக்க வந்தவர்கள் என்று நினைத்து மேலிருந்து குதித்து உயிரைவிட்டார்கள் என்று இங்குள்ளவர்கள் வழிவழியாகச் சொல்லிவருகிறார்கள். ஏற வேண்டாம், கீழே கரையில் உட்கார்ந்து மலையைப் பார்த்தபடி இதைச் சொல்லுங்கள்.

பாம்பிளமூஸ் தோட்டம் சமதரை, அம்மா நடந்துவிடுவார். எல்லாரும் ராட்சத அல்லியைப் பார்க்க ஓடுவார்கள், அப்பாவைத் தாளிப்பனைப் பக்கம் கூட்டிப் போங்கள். சுவடி எழுத ஓலை கொடுத்த மரம், பல பத்தாண்டு வளர்ந்து ஒரே ஒரு முறை உச்சியில் பூத்துக் காய்த்துவிட்டு அதோடு பட்டுப்போகும். தமிழாசிரியருக்கு அந்த மரத்தடியில் பேச நிறைய இருக்கும்.

டால்பினை விடுங்கள். தமரின் விரிகுடாவுக்கு வரும் டால்பின்களில் பெரும்பாலானவை ராத்திரி முழுக்க இரை தேடிவிட்டுக் காலையில் கரையோரம் ஓய்வெடுக்க வருபவை. அந்த நேரத்தில்தான் படகுகள் நாலாபக்கமும் சூழ்ந்து ஆட்களைத் தண்ணீரில் குதிக்க விடுகின்றன. அதற்குப் பணம் கொடுக்க எனக்கு மனசு வராது, உங்களுக்கும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். பையனுக்கு அதைவிட நல்லது ஒன்று இருக்கிறது. மாயேபூருக்கு எதிரே இல் ஓ ஸெக்ரெத் என்ற சின்னத் தீவு, வழிகாட்டியோடு மட்டும் போகலாம். கருங்காலி மரங்கள், வழியில் குறுக்கே படுத்திருக்கும் ராட்சத ஆமைகள், அப்புறம் இளஞ்சிவப்புப் புறா. 1990 வாக்கில் காட்டில் பத்துப் பதினைந்துகூடத் தேறாது என்ற நிலைக்குப் போய் மீட்டெடுத்த பறவை. அழிந்துபோன டோடோவும் புறா இனம்தான் என்று சொல்லிவிட்டுக் காட்டுங்கள், அவன் கண்ணை எடுக்க மாட்டான். அம்மா அதுவரை மாயேபூர்க் கரையில் உட்கார்ந்திருக்கலாம், திங்கட்கிழமை என்றால் பெரிய சந்தையும் கூடும். காற்று விழுந்த நாளாக அமைந்தால் பக்கத்தில் புளூ பேயில் கண்ணாடி அடித்தளப் படகில் எல்லாருமே பவளத்தைப் பார்க்கலாம், ஏறும்போது முழங்கால் தண்ணீரில் இறங்க வேண்டியிருக்கும், அம்மாவுக்குக் கை கொடுக்க ஆள் வேண்டும் என்று படகுக்காரரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

ஸ்வெட்டர் எடுத்து வரச் சொல்ல மறந்துவிடாதீர்கள், வெப்பத்தீவு என்று நம்பி வெறும் பருத்திப் புடவையோடு வந்து இறங்கினால் ஜூலையில் வாக்வா ராத்திரியில் அம்மாவுக்கு மூட்டு இன்னும் பிடித்துக்கொள்ளும்.

ரோட்ரிக்ஸ் இந்தத் தடவை வேண்டாம். கிழக்கே ஏறக்குறைய 560 கிலோமீட்டர், விமானத்தில் ஒன்றரை மணி நேரம், போக வர விமான நிலையத்திலேயே இரண்டு அரை நாள் கழிந்துவிடும், ஜூலையில் காற்று இங்கேயைவிட அங்கே அதிகம். அது நாலைந்து நாள் தங்க வேண்டிய ஊர், நீங்கள் மூவரும் வேறொரு விடுமுறையில் போங்கள். அதற்கு ஒதுக்கிய பணம் இருந்தால், அப்பா அம்மாவின் திரும்பும் டிக்கெட்டை மூன்று நான்கு நாள் தள்ளிப்போட எவ்வளவு ஆகும் என்று கணவரிடம் இன்றைக்கே பார்க்கச் சொல்லுங்கள்.