காக்ஸ்டனின் இரண்டு 'கேன்டர்பரி கதைகள்' ஏன் ஒத்துப்போகவில்லை?

14ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர் சாசரின் 'கேன்டர்பரி கதைகள்' (கேன்டர்பரிக்குப் போகும் யாத்ரீகர்கள் சொல்வதாக அமைந்த கதைகள்) நூலின் இரண்டு பழைய அச்சுப் பிரதிகளின் ஸ்கேன்களை ஒப்பிட்டபோது வரிகள் மாறுகின்றன, ஏன் என்று கேட்டிருந்தீர்கள். அது ஸ்கேன் பிழை இல்லை. இரண்டையும் அச்சிட்டவர் இங்கிலாந்தின் முதல் அச்சகர் வில்லியம் காக்ஸ்டன்தான். முதலாவது 1476-77 வாக்கில் வந்தது, மற்றது 1483இல் அவரே திருத்தியது.

காரணத்தை அவரே இரண்டாம் பதிப்பின் முன்னுரையில் சொல்கிறார். முதல் பதிப்பை வாங்கிய ஒருவர் நேரில் வந்து, "இது சாசர் எழுதியபடி இல்லை, என் அப்பாவிடம் சரியான பிரதி இருக்கிறது" என்றாராம். அப்பாவுக்கு அதைப் பிரிய மனம் வராது, ஆனாலும் மறுபடி அச்சிடுவதாக இருந்தால் வாங்கித் தருகிறேன் என்றும் சொன்னாராம். ஒரு வாசகரின் குறையைக் கேட்டு முழுப் புத்தகத்தையும் மறுபடி அச்சுக் கோத்திருக்கிறார்! எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

எது எது என்று பார்க்க: யாத்ரீகர்களை அறிமுகப்படுத்தும் பொது முன்னுரைப் பகுதியைத் திறங்கள். குதிரைமேல் யாத்ரீகர்கள் இருக்கும் மரச்செதுக்குப் படங்கள் இருந்தால் 1483. முதல் பதிப்பில் படமே கிடையாது.

ஒன்று மட்டும் கவனியுங்கள். திருத்தியது என்பதற்காக 1483 பதிப்பை சாசர் எழுதிய மூல வாசகமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கடன் வாங்கிய கையெழுத்துப் பிரதியை வைத்துப் பழைய அச்சுப் பிரதியைத்தான் திருத்தினார், அதனால் பழைய பிழைகள் பல அப்படியே தங்கிவிட்டன. கட்டுரைக்கு மேற்கோள் வேண்டுமென்றால் ஹெங்வர்ட், எல்ஸ்மியர் என்ற மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகளை ஒட்டிய நவீனப் பதிப்பை எடுங்கள்.