தாலியா, மோதிரமா?

கேள்வி: என் மகனுக்கு வரும் தை மாதம் கோவிலில் திருமணம். "தாலி கட்டுவது பிற சமயத்து வழக்கம், மோதிரமும் வெள்ளை உடையும் முகத்திரையும்தான் கிறிஸ்தவ அடையாளங்கள்" என்று உறவினர் சிலர் வற்புறுத்துகிறார்கள். தாலியை விட்டுவிடலாமா?
– ஒரு வாசகர், தூத்துக்குடி

பதில்: தாலியிடம் கேட்ட கேள்வியை உங்கள் உறவினர்கள் மோதிரத்திடமும் கேட்டிருக்க வேண்டும். கிறிஸ்தவம் வேரூன்றுவதற்கு முன்பே ரோமர்கள் நிச்சயித்த பெண்ணுக்கு இரும்பு மோதிரம் அனுப்பினார்கள். மோதிர விரலிலிருந்து ஒரு நரம்பு நேரே இதயத்துக்குச் செல்கிறது என்ற நம்பிக்கையும் அவர்கள் காலத்தது. திருமணத்தில் மோதிரம் அணிவிக்க வேண்டும் என்று விவிலியத்தில் எங்கும் கட்டளை இல்லை. இதனால்தான் இங்கிலாந்தில் சடங்குகளைக் குறைக்க விரும்பிய சீர்திருத்தக் கிறிஸ்தவர்களான பியூரிட்டன்கள் 1603-இல் மன்னர் முதலாம் ஜேம்ஸிடம் அளித்த விண்ணப்பத்தில், திருமணச் சடங்கிலிருந்து மோதிரத்தை நீக்கிவிடும்படி கேட்டார்கள். வெள்ளை உடை இன்னும் இளையது. 1840-இல் விக்டோரியா மகாராணி வெள்ளைப் பட்டில் மணமுடித்த பிறகே அது பரவலான வழக்கமாயிற்று. அதற்கு முன் ஐரோப்பிய மணப்பெண்கள் பெரும்பாலும் தங்களிடமிருந்த நல்ல வண்ண உடையையே உடுத்தினார்கள்.

தாலியின் வரலாறு நம் மண்ணிலேயே இருக்கிறது. பாப்பரசரின் தூதர் தூர்னோன் 1704-இல் புதுச்சேரியில் பிறப்பித்த ஆணை, தமிழ்க் கிறிஸ்தவர்களின் பல வழக்கங்களைக் கடுமையாகத் தடுத்தது. அந்த ஆணைகூடப் பிள்ளையார் உருவம் பொறித்த தாலியைத்தான் விலக்கியது. சிலுவையோ மாதாவின் உருவமோ பொறித்த தாலியை மணமான பெண்கள் அணியலாம் என்றது. கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்கள் மந்திரகோடிப் புடவையிலிருந்து உருவிய ஏழு நூல்களைத் திரித்து, சிலுவை பதித்த, மின்னு எனப்படும் தாலியை அதில் கோத்துக் கட்டுகிறார்கள். மணமகன் கொடுத்த புடவையின் நூலே அவள் கழுத்தில் ஏறுகிறது என்பதை எண்ணிப் பாருங்கள். இதைவிட நெருக்கமான அடையாளம் எனக்குத் தெரியவில்லை. கத்தோலிக்க ஆயர்களின் உலகப் பேரவையான இரண்டாம் வத்திக்கான் சங்கமும் 1963-இல் வெளியிட்ட திருவழிபாட்டு ஏட்டில், அந்தந்த நாட்டின் போற்றத்தக்க திருமண வழக்கங்கள் காக்கப்பட வேண்டும் என்றே விரும்பியது.

அப்படியானால் திருமணத்தைத் திருமணமாக்குவது எது? இந்தக் கேள்விக்கு 866-லேயே விடை வந்துவிட்டது. பல்கேரியர்கள் கேட்ட ஐயங்களுக்கு மறுமொழி எழுதிய பாப்பரசர் முதலாம் நிக்கோலாஸ், மோதிரம், முகத்திரை, மணமக்கள் தலையில் சூட்டும் மகுடம் ஆகிய எல்லாவற்றையும் விவரித்துவிட்டு, இவை இல்லாமற் போனாலும் பாவமில்லை, இருவரின் சம்மதமே போதும், அந்தச் சம்மதம் இல்லையென்றால் மற்ற எதுவும் வீண் என்று எழுதினார். கத்தோலிக்கத் திருச்சபையின் இலத்தீன் மரபில், திருமணம் என்னும் இந்தத் திருவருட்சாதனத்தை (இறையருள் தரும் சடங்கை) ஒருவருக்கொருவர் வழங்குபவர்கள் மணமக்களே. குருவானவர் திருச்சபையின் பெயரால் சம்மதத்தைக் கேட்டுப் பெறுகிறார். தாலியும் மோதிரமும் அதன் பிறகே ஆசீர்வதிக்கப்படுகின்றன. சொன்ன சொல்லுக்கு அவை சாட்சி. சொல்லுக்கு மாற்று அல்ல. தாலியும் மோதிரமும் இல்லாமல் மணம் முடிக்கும் பெந்தெகொஸ்தே சபைகள் சில நம்மிடையே உள்ளன. அவர்கள் மணவாழ்வில் ஒரு குறையும் இல்லை.

எனக்கு உண்மையில் வருத்தம் தருவது வேறொன்று. தாலி கட்டும் நேரத்தில் வீடியோ விளக்குகளும் உறவினர் கூட்டமும் பீடத்தையே மறைத்துவிடுகின்றன. அதற்குச் சற்று முன்பு, "இன்பத்திலும் துன்பத்திலும், உடல் நலத்திலும் நோயிலும்" பிரமாணிக்கமாயிருப்பேன் என்று இருவரும் வலக்கரம் பற்றிச் சொன்ன வார்த்தைகள் மூன்றாவது வரிசைக்குக்கூடக் கேட்பதில்லை. நோயில் கிடக்கும் துணையைக் கைவிடமாட்டேன் என்று ஒருவர் ஊரறிய உறுதி கூறும் அந்த நொடியில் பலர் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆகவே, உங்கள் சபை முறை அனுமதித்தால் தாலியைத் தாராளமாகக் கட்டுங்கள்; மோதிரமும் மாற்றிக்கொள்ளட்டும். ஆனால் கோவிலில் ஓலை (திருமண அறிவிப்பு) வாசிக்கத் தொடங்கும் முன்பே மணமக்கள் இருவரையும் உட்காரவைத்து, அந்த வாக்குறுதியை வரி வரியாகப் படிக்கச் சொல்லுங்கள். ஏதேனும் ஒரு வரியில் தயக்கம் இருந்தால் அதைப் பங்குத்தந்தையிடம் மனம்விட்டுப் பேசட்டும். திருமண நாளன்று ஒலிபெருக்கியை அவர்கள் வாயருகே வைக்க ஒருவரைப் பொறுப்பாக நியமியுங்கள். புகைப்படக்காரரை அந்த வாக்குறுதி முடியும்வரை பீடத்தின் படிகளுக்குக் கீழே நிற்கச் சொல்லுங்கள்.