ஹைட்ராலிக் கிளட்ச் கசிந்தது, வாரண்டி கிடையாது என்கிறார்கள்: என்ன செய்யலாம்?

கேள்வி: நான் சத்தியமங்கலத்துக்காரன். 14 மாதங்களுக்கு முன் கோவையில் ஒரு ஷோரூமில் ₹7 லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே கொடுத்து, ஹைட்ராலிக் கிளட்ச் (கேபிளுக்குப் பதில் ஆயில் அழுத்தத்தில் இயங்குவது) உள்ள பைக் வாங்கினேன். 2 வருட வாரண்டி. 9,400 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, எல்லா சர்வீஸும் அங்கேயேதான். போன மாதம் திம்பம் மலைப்பாதையில் இறங்கும்போது கிளட்ச் லீவர் தொளதொளவென்று ஆகி ஹேண்டில்பாரைத் தொட்டது. கியர் மாறவில்லை, நியூட்ரலும் விழவில்லை. ஓரமாக நிறுத்திப் பார்த்தால் கிளட்ச் ஆயில் டப்பாவில் அளவு கீழ்க்கோட்டுக்கும் கீழே, எஞ்சினின் இடது பக்கம் ஈரம். சர்வீஸ் சென்டரில், "ஹாஃப் கிளட்சில் ஓட்டி பிளேட்டை எரித்துவிட்டீர்கள், அது தேய்மானப் பொருள், வாரண்டி வராது, லீவரையும் வெளியில் வாங்கி மாற்றியிருக்கிறீர்கள்" என்று சொல்லி ₹41,000 எஸ்டிமேட் தருகிறார்கள். வேலையை அவர்களிடம் கொடுக்காவிட்டால் நாளுக்கு ₹300 பார்க்கிங் கட்டணமாம். வழக்கு போட்டுப் புது பைக் கேட்கலாமா?

பதில்: வழக்கு போடலாம், உங்கள் பக்கம் நியாயமும் இருக்கிறது. ஆனால் புது பைக் கேட்காதீர்கள். அதற்கான காரணத்தைப் பிறகு சொல்கிறேன். முதலில் அவர்கள் சொன்ன பதிலை உங்கள் பைக்கில் நடந்ததோடு பொருத்திப் பாருங்கள், பொருந்தவே இல்லை.

பிளேட் தேய்ந்தால் கிளட்ச் வழுக்கும். ஆக்ஸிலேட்டரைத் திருகினால் எஞ்சின் மட்டும் கத்தும், வண்டி வேகம் எடுக்காது, கருகல் வாசனை வரும். உங்களுக்கு நடந்தது நேரெதிர். லீவரை முழுக்கப் பிடித்தும் கிளட்ச் விடவில்லை, அதனால்தான் கியரும் மாறவில்லை, நியூட்ரலும் கிடைக்கவில்லை. லீவரில் நாம் கொடுக்கும் அழுத்தம் எஞ்சின் பக்கம் இருந்து கிளட்சைத் தள்ளி விடுவிக்கும் ஸ்லேவ் சிலிண்டருக்குப் போய்ச் சேராதபோது வரும் கோளாறு இது. ஆயில் கசிந்திருக்கும், இல்லையென்றால் குழாயில் காற்று புகுந்திருக்கும்.

இதைவிடப் பெரிய சாட்சி அந்த ஆயில் டப்பா. பிரேக்கில் பேட் தேயத் தேய ஆயில் அளவு இறங்கும், அது பலருக்கும் தெரியும். ஹைட்ராலிக் கிளட்சில் அப்படியே தலைகீழ். பிளேட் தேயும்போது ஸ்லேவ் பிஸ்டன் உள்ளே தள்ளப்பட்டு, ஆயில் மேலே டப்பாவுக்குத் திரும்புவதால் அளவு ஏறும். பல கம்பெனிகளின் ஓனர் மேனுவலிலேயே இது எழுதியிருக்கிறது, உங்களுடையதிலும் தேடிப் பாருங்கள், இருந்தால் அந்தப் பக்கத்தை நகல் எடுத்து வையுங்கள். பிளேட் எரிந்தது மட்டுமே காரணம் என்றால் உங்கள் டப்பாவில் அளவு கீழ்க்கோட்டுக்குக் கீழே போயிருக்க முடியாது. ஆயில் எங்கோ வெளியே போயிருக்கிறது, நீங்கள் பார்த்த அந்த ஈரம்தான் அது. (பிளேட்டும் கொஞ்சம் தேய்ந்திருக்கலாம், அதை மறுத்து வாதாட வேண்டாம். எது முதல் காரணம் என்பதுதான் கேள்வி.)

அதனால் இன்றைக்கே செய்ய வேண்டியது போட்டோ. அவர்கள் ஆயிலை ஊற்றி நிரப்புவதற்கு முன்னால், டப்பாவின் அளவுக்கோடு தெளிவாகத் தெரிகிற மாதிரி ஒன்று, செயின் ஸ்ப்ராக்கெட் பக்கம் கசிந்த இடத்தில் ஒன்று. டப்பா மூடியில் எந்த ஆயில் ஊற்ற வேண்டும் என்று பொறித்திருப்பார்கள், அதையும் எடுங்கள். டாட் 4 (பிரேக்கிலும் ஊற்றும் ஆயில் வகை) என்றால் அது பெயின்டைத் தின்னும், கசிந்த வழியில் பெயின்ட் கொப்பளித்தோ உரிந்தோ இருந்தால் கிட்டத்தில் எடுங்கள். ஒரு வெள்ளைத் துணியால் அந்த ஈரத்தை ஒற்றியும் பாருங்கள். டாட் 4 தண்ணீரில் கரையும், எஞ்சின் ஆயில் கரையாது. "அது எஞ்சின் ஆயில் சார்" என்று நாளைக்கு யாராவது சொன்னால் உங்களிடம் பதில் இருக்கும்.

அப்புறம் பழைய ஜாப் கார்டுகள், அதாவது ஒவ்வொரு சர்வீஸிலும் செய்த வேலையை எழுதித் தரும் தாள்கள். என் பார்வையில் உங்கள் வழக்கின் உயிர் அங்கேதான் இருக்கிறது. ஒவ்வொரு சர்வீஸிலும் கிளட்ச் ஆயில் அளவு பார்த்ததாக டிக் அடித்திருப்பார்கள். எதிலாவது "டாப் அப்" என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். இது மூடிய அமைப்பு, நல்ல நிலையில் இருந்தால் ஆயில் குறையக் கூடாது. ஆயில் ஊற்றினார்கள் என்றால் கசிவு அப்போதே தொடங்கிவிட்டது, அதைத் தேடிப் பார்க்காமல், உங்களிடம் ஒரு வார்த்தையும் சொல்லாமல் அனுப்பியிருக்கிறார்கள். மூடியில் மினரல் ஆயில் என்று இருந்து பில்லில் டாட் 4 போட்டிருந்தால், அல்லது இதற்கு நேர்மாறாக இருந்தால், தவறான ஆயிலால் சீல் ரப்பர் ஊதிக் கெட்டுப்போகும். இந்த இரண்டில் எது இருந்தாலும் அது நேரடியான சேவைக் குறைபாடு.

நான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. "உற்பத்திக் குறை" என்று வழக்கு போட்டால் அதை நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 38-ன் கீழ் நுகர்வோர் ஆணையம் பொருளை ஆய்வகச் சோதனைக்கு அனுப்பலாம், அந்தக் கட்டணத்தை நீங்கள் கட்ட நேரும், காலமும் கூடும். சேவைக் குறைபாட்டை அவர்களுடைய தாளே நிரூபித்துவிடும். புகாரில் இரண்டையும் கேளுங்கள், டீலரையும் கம்பெனியையும் எதிர்த்தரப்பாகச் சேருங்கள், ஆனால் முன்னால் நிற்க வேண்டியது சேவைக் குறைபாடு. புது பைக் வேண்டாம் என்றதும் இதனால்தான். சரிசெய்யவே முடியாத குறை அல்லது திரும்பத் திரும்ப வரும் குறை என்றால்தான் பொருளை மாற்றித் தரச் சொல்வார்கள். ஒரு ஸ்லேவ் சிலிண்டரை மாற்றினால் தீரும் கோளாறுக்கு ₹7 லட்சம் கேட்டால், நியாயமாகக் கேட்பதும் அதோடு சேர்ந்து பலவீனப்படும். இலவசமாகச் சரிசெய்து தருவது, பைக் நின்ற நாட்களுக்கும் மன உளைச்சலுக்கும் இழப்பீடு, வழக்குச் செலவு: இது போதும்.

தேய்மானப் பொருள் என்ற வாதத்துக்கு வாரண்டி புத்தகத்தைத் திறந்து விலக்குப் பட்டியலை வரி வரியாகப் படியுங்கள். கிளட்ச் பிளேட் அதில் இருக்கும். ஸ்லேவ் சிலிண்டர் இருக்கிறதா? இல்லையென்றால் "கிளட்ச்" என்ற ஒரே சொல்லில் எல்லாவற்றையும் மூட முடியாது. ரப்பர் பாகங்கள், சீல் என்று பொதுவாகப் போட்டிருந்தால் கொஞ்சம் கடினம், அப்போதும் 9,400 கிலோமீட்டரில் சீல் போவது சாதாரணத் தேய்மானமா என்று கேட்கலாம்.

லீவர் விஷயத்தை மறைக்காதீர்கள், புகாரிலேயே நீங்களாகச் சொல்லிவிடுங்கள். வெளியில் வாங்கிய லீவர், ஹேண்டில்பாரில் அதோடு சேர்ந்திருக்கும் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனை எப்போதும் லேசாக அழுத்திக்கொண்டே இருந்தால், ஆயில் திரும்பும் சிறு துளை அடைபட்டு, சூட்டில் அழுத்தம் ஏறி, கிளட்ச் வழுக்கத் தொடங்கும். அதாவது அந்தத் தவறும் உங்களுக்கு நடந்ததற்கு நேரெதிரான கோளாறைத்தான் தரும். இதை ஒரு மெக்கானிக்கிடம் எழுத்தில் வாங்குங்கள். பழைய லீவர் வீட்டில் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள்.

பார்க்கிங் கட்டணம். 1872 ஒப்பந்தச் சட்டம் பிரிவு 170 ஒருவருக்குப் பொருளைப் பிடித்துவைக்கும் உரிமை தருகிறது, ஆனால் அது அந்தப் பொருளில் உழைப்போ திறமையோ செலுத்திச் செய்த வேலைக்கான கூலிக்காக. இங்கே வேலையே நடக்கவில்லை. நீங்கள் கையெழுத்திட்ட ஜாப் கார்டில் நாள் வாடகை அச்சிட்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இல்லையென்றால் அந்தத் தொகையை மறுத்து எழுத்தில் அனுப்புங்கள். பைக்கை எடுப்பதாக இருந்தால் வேனில் ஏற்றி எடுங்கள். கிளட்ச் விடாத வண்டி சிக்னலில் கியரோடு முன்னால் நகரும், அதை ஓட்டிக்கொண்டு வர வேண்டாம்.

வேலைக்குப் போக பைக் உடனே வேண்டும், பணம் கட்டித்தான் ஆக வேண்டும் என்றால், பில்லின் மீது "எதிர்ப்புத் தெரிவித்துச் செலுத்துகிறேன், என் உரிமைகளை விட்டுக்கொடுக்கவில்லை" என்று எழுதிக் கையெழுத்திடுங்கள், அதையே மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். கழற்றிய ஸ்லேவ் சிலிண்டர், சீல், பிளேட் எல்லாவற்றையும் கேட்டு வாங்குங்கள், வேலைக்கு முன்பே அதை ஜாப் கார்டில் எழுதவையுங்கள்.

வழக்குக்காகக் கோவைக்கு அலைய வேண்டாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 34-ன்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே, அதாவது ஈரோடு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். ₹50 லட்சம் வரை கொடுத்து வாங்கியவை மாவட்ட ஆணையத்துக்குள் வரும். உங்கள் பைக் விலைக்குக் கட்டணம் ₹200. வழக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து 2 வருடம் அவகாசம், அதற்காக ஆறப்போடாதீர்கள். முதலில் வாரண்டி மறுப்பை எழுத்தில் கேளுங்கள். தரமாட்டார்கள் என்றால், "இன்ன தேதியில் இன்ன காரணம் சொல்லி மறுத்தீர்கள்" என்று நீங்களே டீலருக்கும் கம்பெனிக்கும் மின்னஞ்சல் போடுங்கள். அடுத்து 15 நாள் அவகாசம் கொடுத்து ஒப்புகையோடு ஒரு நோட்டீஸ். கூடவே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்தால் கம்பெனி வரைக்கும் புகார் போகும், சில சமயம் அங்கேயே முடிந்தும் விடும். நோட்டீஸ் எழுதும் முன் ஜாப் கார்டுகளின் நகலை எனக்கு அனுப்புங்கள், அந்த டாப் அப் வரி இருக்கிறதா என்று நானும் பார்க்கிறேன்.