வலையின் விலை

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பணிபுரிகிறேன். தான்சானியாவில் நீங்கள் ஆசிரியராக இருந்த நாட்களைப் பற்றிய கட்டுரைகளைப் படித்த பிறகு, நானும் நண்பர்கள் ஏழு பேரும் சேர்ந்து, ஆப்பிரிக்கக் குழந்தைகளை மலேரியாவிலிருந்து காக்கும் கொசுவலைகளுக்காக நிதி திரட்ட முடிவு செய்திருக்கிறோம். எப்படி எழுதினால் மக்கள் பணம் தருவார்கள் என்று நீங்கள்தான் சொல்லித்தர வேண்டும். நோயுற்ற குழந்தையின் படத்தைப் போடலாமா? நம் ஊரிலேயே ஏழைகள் இருக்கும்போது ஆப்பிரிக்கா எதற்கு என்று கேட்பவர்களுக்கு என்ன பதில் சொல்வது? இன்னொன்றும் கேட்க வேண்டும். இலவச வலைகளை அங்கே மீன் பிடிக்கப் பயன்படுத்துகிறார்கள் என்று படித்தோம். இலவசமாகக் கிடைக்கும் பொருளுக்கு மதிப்பு இருக்காது என்பதால், பெயரளவுக்கேனும் ஒரு விலை வைத்து விற்கும் அமைப்புக்குப் பணத்தை அனுப்பலாம் என்று எங்களில் பெரும்பாலோர் நினைக்கிறோம். உங்கள் கருத்து என்ன?

அன்புடன்,
தி.

அன்புள்ள தி.,

சென்ற மாதம் ஒரு திருமண வீட்டில் என் பக்கத்தில் அமர்ந்திருந்த பெரியவர், சும்மா கொடுத்தால் யாருக்கும் அருமை தெரியாது என்று உங்கள் கடிதத்தில் உள்ள அதே கருத்தைச் சொன்னார். நான் பதில் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன். அன்றிலிருந்து அந்தப் பதில் தொண்டையிலேயே நிற்கிறது. அதனால்தான் வழக்கத்துக்கு மாறாக, உங்கள் கடிதம் வந்த அன்றே எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

மற்ற கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். படம் போடாதீர்கள். உங்கள் அக்கா குழந்தை காய்ச்சலில் கண் செருகிக் கிடக்கும்போது எவரோ படமெடுத்து அதை வைத்து ஊரெல்லாம் வசூல் செய்தால் நீங்கள் பொறுப்பீர்களா? அந்தத் தாய்க்கும் அதே மனம்தான். ஆப்பிரிக்கா எதற்கு என்று கேட்பவர்களிடம் வாதாடவும் வேண்டாம். 2023இல் உலகில் மலேரியாவால் இறந்தவர்கள் ஏறத்தாழ 5,97,000 பேர் என்றும், அவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் ஆப்பிரிக்காவைச் சேர்ந்தவர்கள் என்றும், அங்கே இறந்தவர்களில் நான்கில் மூன்று பங்கு ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள் என்றும் உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. நோய் எங்கே இருக்கிறதோ அங்கேதான் வலை போக வேண்டும். வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் விதிமுறைகளை ஒரு தணிக்கையாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி விலைக்கு வருகிறேன். நீங்கள் படித்தவர், நல்ல மனம் உள்ளவர், இரவு பகலாக உழைத்து ஈட்டிய பணத்தில் ஒரு பங்கை முகம் தெரியாத குழந்தைக்குக் கொடுக்க நினைப்பவர். அப்படிப்பட்டவர், அந்தக் குழந்தையின் தாயிடம் காசு வாங்கிக்கொண்டுதான் வலையைக் கொடுக்க வேண்டும் என்று எப்படி எழுதினீர்கள்? அவள் பிள்ளையின் உயிரின் அருமையை அவளுக்கு நீங்கள் விலை வைத்துக் கற்றுக்கொடுக்க வேண்டுமா? கோபமாகத்தான் எழுதுகிறேன், தம்பி. ஏனென்றால் இதே வார்த்தையை நானும் ஒருகாலத்தில் சொல்லியிருக்கிறேன்.

1998ஆம் ஆண்டின் தொடக்கம். விக்டோரியா ஏரிக்கரையில், முவான்சாவுக்கு அருகே ஒரு பள்ளியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தேன். எல் நினோ ஆண்டு என்பதால் கிழக்கு ஆப்பிரிக்கா முழுவதும் மாதக்கணக்கில் மழை கொட்டித் தீர்த்திருந்தது. சக்கரத் தடங்களிலும் குளம்புத் தடங்களிலும் கூட நீர் தேங்கி நின்றது. மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் கொசு முட்டையிடுவதற்கு அவ்வளவு நீரே போதும். பள்ளிச் சமையலறையில் வேலை செய்த பெண் எனக்குப் பக்கத்து வீடு.   அவளுடைய கடைசிப் பையனுக்கு நான்கு வயது. இரவில் அவனைக் கொசு கடிக்காமல் இருக்கத் தன் ‘கங்கா’ துணியால் தலை முதல் கால் வரை போர்த்திவிடுவாள். புழுக்கத்தில் அவன் அதை உதைத்துத் தள்ளிவிடுவான். விழிப்பு வரும்போதெல்லாம் இருட்டில் துழாவி மறுபடியும் போர்த்திவிடுவதாகச் சொல்வாள். அந்தக் கொசு கடிப்பதும் ஊரடங்கிய பிறகுதான், பெரும்பாலும் நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையில்.

என் கட்டிலின் மேல் ஒரு வலை தொங்கியது. அவள் அதன் ஓரத்தை இரண்டு விரல்களால் தடவிப் பார்த்து, என்ன விலை என்று கேட்டாள். சொன்னேன். அது அவளுடைய ஒரு வாரச் சம்பளம். பாதியை நான் தருகிறேன், மீதியை நீ சேர்த்துக்கொள் என்றேன். முழுப் பணத்தையும் என்னால் கொடுத்திருக்க முடியும். ஆனால் தானும் கொஞ்சம் போட்டால்தான் ஒழுங்காகப் பயன்படுத்துவாள் என்று அப்போது மனமார நம்பினேன். அவள் தலையசைத்து, ‘ம்வெஸி உஜாவோ’ என்றாள். அங்கே பேசும் சுவாஹிலி மொழியில் அடுத்த மாதம் என்று பொருள். அடுத்த மாதம் மூத்தவளுக்குப் பள்ளிக் கட்டணம் வந்தது. அதற்கடுத்த மாதம் பையனுக்குக் காய்ச்சல் வந்தது.

இரண்டாம் நாள் இரவு அவனுக்கு இழுப்பு வந்துவிட்டது. மலேரியா மூளையைத் தாக்கும்போது வரும் அந்த வலிப்பை அங்கே ‘டெகெடெகெ’ என்பார்கள். அது ஆவியின் வேலை, ஊசி போட்டால் பிள்ளை பிழைக்காது என்று நம்புகிறவர்கள் அப்போது ஏராளம். அதனால் முதலில் நாட்டு வைத்தியரிடம் தூக்கிச் சென்றார்கள். விடிந்த பிறகு மருத்துவமனை வாசலில் வரிசையில் காத்திருக்கும்போதே, தாயின் மடியில் அந்தக் கங்கா துணிக்குள், பையன் இறந்துபோனான். சாவு வீட்டிலிருந்து திரும்பி வந்த இரவு என் வலைக்குள் படுத்தேன். அதை அகல விரித்தால் இரண்டு பெரியவர்களும் ஒரு குழந்தையும் தாராளமாகப் படுக்கலாம்.

அவளுக்கு வலையின் மதிப்புத் தெரியாது என்று நீங்கள் சொல்லுங்கள், கேட்கிறேன்.

இது ஒருத்தியின் கதைதானே என்று உங்கள் நண்பர்கள் சொல்லக்கூடும். உங்களைப் போன்றவர்கள் நம்பும் வகையில் எண்களும் இருக்கின்றன. ஜெசிகா கோஹன், பாஸ்கலின் டூபா என்ற இரு பொருளியல் அறிஞர்கள் மேற்குக் கென்யாவின் கர்ப்பிணி மருத்துவ நிலையங்களில் சிலவற்றில் வலையை இலவசமாகவும், சிலவற்றில் வெவ்வேறு சிறு விலைகளுக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். 2010இல் வெளிவந்த அந்த ஆய்வின்படி, விலையை இலவசத்திலிருந்து வெறும் 60 அமெரிக்க சென்ட்டுக்கு உயர்த்தியதும் வலை வாங்கியவர்களின் விகிதம் 60 சதவீதப் புள்ளிகள் சரிந்தது. காசு கொடுத்து வாங்கியவர்கள், இலவசமாகப் பெற்றவர்களைவிட அக்கறையாகப் பயன்படுத்தினார்கள் என்பதற்கும் எந்தச் சான்றும் கிடைக்கவில்லை. உங்கள் ‘பெயரளவு விலை’ செய்யும் வேலை இதுதான்: எளியவளை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும்.

தான்சானியாவே இந்தப் பாடத்தைக் கற்றது. 2004இல் கர்ப்பிணிகளுக்கு ‘ஹாட்டி புங்குஸோ’ என்ற தள்ளுபடிச் சீட்டைக் கொடுத்தார்கள். மீதித் தொகையைத் தாங்களே போட்டுக் கடையில் வலையை வாங்கிக்கொள்ள வேண்டும். நல்ல திட்டம்தான், பலருக்குப் பயன்பட்டது. ஆனால் அந்த மீதித் தொகையைப் புரட்ட முடியாதவர்கள் பின்தங்கினார்கள். பின்னர் 2009, 2010 ஆண்டுகளில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு என்று 80 லட்சத்துக்கும் மேற்பட்ட வலைகளை இலவசமாகவே கொடுத்தார்கள்.

பூச்சிக்கொல்லி மருந்திட்ட வலை கொசுவைத் தடுப்பதோடு நிற்பதில்லை, தன்மேல் வந்து அமரும் கொசுவைக் கொல்லவும் செய்கிறது. அதனால் ஊரில் பெரும்பாலான வீடுகளில் வலை இருந்தால், வலை இல்லாத பக்கத்து வீட்டுக் குழந்தைக்கும் பாதுகாப்புக் கிடைக்கிறது. மேற்குக் கென்யாவின் அசெம்போ பகுதியில் 300 மீட்டர் தொலைவு வரை இந்தப் பயன் எட்டியதைக் கண்டறிந்திருக்கிறார்கள். விலை வைத்தால் வாங்க முடிந்த வீட்டில் மட்டும் வலை இருக்கும். நடுவே விட்டுப்போன வீடுகளில் கொசு பிழைத்துக்கொள்ளும். போலியோ சொட்டு மருந்துக்கு நாம் விலை வைத்தோமா?

மீன் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். 2013இல் அதே ஏரிக்கரைக்கு மறுபடியும் போனபோது, ‘டகா’ என்னும் பொடிமீனைக் கிழிந்த நீல வலைகளின் மேல் பரப்பிக் காயவைத்திருப்பதை நானும் பார்த்தேன். மனம் சுருங்கிவிட்டது. கேட்டபோது அங்கிருந்த பெண், விரல் நுழையும் ஓட்டைகளை விரித்துக் காட்டி, புது வலை வீட்டில் பாய்க்கு மேல் தொங்குகிறது என்றாள். ஒரு வலையின் ஆயுள் சுமார் மூன்று ஆண்டுகள். மண்தரையும் சமையல் புகையும் உள்ள வீட்டில் அதைவிடவும் குறைவு. நம் வீட்டில் கிழிந்த வேட்டியை என்ன செய்கிறோமோ அதையே அவர்களும் செய்கிறார்கள். புது வலையை ஏரியில் வீசுகிறவர்களும் சிலர் இருக்கலாம். அந்தச் சிலருக்காகப் பாயில் கிடக்கும் பிள்ளையின் வலையை நிறுத்தி வைக்க முடியாது.

உங்கள் முதல் கேள்வியிலிருந்து வெகுதூரம் வந்துவிட்டேன். லண்டனில் ராப் மேதர் என்பவர் தொடங்கிய ‘அகெய்ன்ஸ்ட் மலேரியா ஃபவுண்டேஷன்’ 2005இல் உலகெங்கும் மக்களை நீந்தச் சொல்லி நிதி திரட்டியது. பொதுமக்கள் தரும் பணம் முழுவதையும் வலை வாங்கவே செலவிடுகிறது, வலைகளை இலவசமாகவே தருகிறது. உங்கள் வேண்டுகோளில் இதை எழுதுங்கள்: ஒரு வலையின் விலை ஏறத்தாழ இரண்டு டாலர், அதற்குள் இரண்டு பேர் உறங்கலாம், அப்படி உறங்கும் ஆயிரம் குழந்தைகளில் ஆண்டுக்கு ஐந்தாறு உயிர்கள் காக்கப்படுகின்றன என்று ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். வலை கிழியும் என்பதையும், மூன்று ஆண்டுகள் கழித்து மறுபடியும் கேட்க வருவோம் என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள். எழுதி முடித்ததும் எனக்கு அனுப்புங்கள், திருத்தித் தருகிறேன். விலை வைப்பது பற்றிய வரி அதில் இருக்கக் கூடாது.

அன்புடன்,
அம்மா