தோட்டத்து வீட்டுக் காவலுக்கு ஒரே ஈற்றில் பிறந்த ராஜபாளையம் குட்டிகள் இரண்டு வாங்கலாமா? ஆடு, கோழியும் உண்டு.

ராஜபாளையம் வாங்கலாம். ஒரே நேரத்தில் இரண்டு வேண்டாம். ஒரே ஈற்றுக் குட்டிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு உங்கள் சொல்லைக் காதில் வாங்காது. இரண்டும் கடுவனாகவோ இரண்டும் பெட்டையாகவோ இருந்தால் ஒன்றரை வயதுக்குமேல் ரத்தம் வரச் சண்டை போடும் வாய்ப்பும் அதிகம். முதல் நாய் ஒன்றரை வயது தாண்டி நன்றாகப் பழகட்டும். பிறகு கடுவனுக்குப் பெட்டை, பெட்டைக்குக் கடுவன் என்று இன்னொன்று எடுங்கள்.

குட்டி எடுக்கும்போது காதைச் சோதிக்காமல் பணம் கொடுக்காதீர்கள். இந்த இனத்தின் வெள்ளை நிறத்தோடு சேர்ந்தே சில குட்டிகளுக்குப் பிறவிச் செவிடும் வருகிறது. தாயும் மற்ற குட்டிகளும் இல்லாத இடத்துக்கு அதைத் தனியே தூக்கிப் போங்கள். அது எதையாவது முகர்ந்துகொண்டிருக்கும்போது பின்னால் ஆறடி தள்ளி நின்று சாவிக்கொத்தை ஆட்டுங்கள். காது அசைய வேண்டும், தலை சத்தம் வந்த பக்கம் திரும்ப வேண்டும். இடம், வலம் மாற்றி நாலைந்து முறை பாருங்கள். தரையில் காலைத் தட்டாதீர்கள், செவிட்டுக் குட்டியும் அதிர்விலேயே திரும்பிவிடும். கூட்டத்தோடு வைத்துப் பார்த்தால் மற்றவை திரும்புவதைக் கண்டு செவிட்டுக் குட்டியும் திரும்பும். ஏமாறுவது பெரும்பாலும் இங்கேதான்.

காவல் இந்த நாய்க்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. யாரைக் கடிக்கக் கூடாது என்பதைத்தான் பழக்க வேண்டும், அதற்கான நல்ல பருவம் 14 வாரத்துக்குள் முடிந்துவிடுகிறது. பால்காரர், கரண்ட் கணக்கெடுப்பவர், அரிவாளோடு வரும் தேங்காய் பறிப்பவர், தலைச்சுமையோடு வருபவர், ஹெல்மெட் போட்டவர், ஓடி விளையாடும் குழந்தைகள் என எல்லாரையும் அந்த வயதில் பார்த்திருக்க வேண்டும். தடுப்பூசி முடியும்வரை தெருவில் இறக்கிவிடாமல் தூக்கிக்கொண்டு போய்க் காட்டுங்கள், பார்வோ என்ற வைரஸ் நோய் குட்டிகளைச் சீக்கிரம் கொன்றுவிடும். முதல் ஊசி 45 நாள் வாக்கில், பிறகு 16 வாரம்வரை மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்று. வெறிநாய்க்கடி ஊசி மூன்றாம் மாதத்தில் போட்டு, மருத்துவர் சொல்லும் கணக்கில் தொடருங்கள்.

இது காட்டுப்பன்றி வேட்டைக்கு வளர்த்த இனம். ஓடுகிற ஆட்டையும் கோழியையும் துரத்தும். தினமும் இருபது நிமிடம் பத்தடிக் கயிற்றில் பிடித்துப் பட்டிக்கருகே உட்கார வையுங்கள். ஆட்டைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பும் கணத்தில் வேகவைத்த ஈரல் ஒரு துண்டு கொடுங்கள். இரண்டு வயதுவரை ஆடு, கோழியோடு தனியே விடாதீர்கள்.

நாளெல்லாம் சங்கிலியில் கிடக்கும் நாய் வெறித்தனமாகக் குரைக்கும், அவிழ்ந்ததும் எதிரில் வருபவரைக் கடிக்கும். சுவருக்கருகே கட்டினால் தாண்டிக் குதித்துத் தூக்கில் தொங்கிவிடும். கட்டித்தான் ஆகவேண்டும் என்றால், நாற்பதடி இடைவெளியில் இரண்டு கம்பம் நட்டு, ஏழடி உயரத்தில் ஸ்டீல் கம்பி இழுத்து, அதில் ஓடும் வளையத்தில் சங்கிலியை மாட்டுங்கள். சங்கிலி கம்பத்தை எட்டிச் சுற்றிக்கொள்ளாதபடி கம்பியில் கிளாம்ப் போட்டு வளையத்தை நிறுத்த வேண்டும். நிழலும் தண்ணீரும் எப்போதும் எட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

25 கிலோ நாய்க்கு நாளொன்றுக்குச் சுமார் 250 கிராம் அரிசியும் 350 கிராம் கோழியும் வேகவைத்து, எலும்பை எடுத்துவிட்டு, இரண்டு வேளையாகக் கொடுங்கள். தின்றதும் ஒரு மணி நேரம் ஓடவிடாதீர்கள். இதுபோல் நெஞ்சுக்கூடு ஆழமான நாய்களுக்கு வயிறு ஊதி முறுக்கிக்கொள்ளும். குமட்டும், ஆனால் வாந்தி வராது. வயிறு பறைபோல் விறைக்கும், படுக்க முடியாமல் சுற்றிச் சுற்றி வரும். விடியட்டும் என்று இருந்தால் உயிர் போய்விடும். இரவில் அறுவை சிகிச்சை செய்யும் கால்நடை மருத்துவமனை எங்கே இருக்கிறது என்று நாய் வாங்குமுன்பே விசாரித்து வையுங்கள்.

காதுக்குள், விரலிடுக்கில், கழுத்துப்பட்டைக்கு அடியில் உண்ணி பாருங்கள். ஈறு வெளுத்து, மூத்திரம் கட்டங்காப்பி நிறத்தில் போனால் அன்றே மருத்துவரிடம் போங்கள். எலி மருந்தையும் வயலுக்குப் போடும் குருணை மருந்தையும் பூட்டி வையுங்கள்.

வாசலில் மணி ஒன்று மாட்டி, நாயைப் பிடித்த பிறகே கேட்டைத் திறக்கப் பழகுங்கள். மீறி யாரையாவது கடித்துவிட்டால், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் காயத்தைக் கழுவி உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். நாய்க்கு ஊசி போட்டிருக்கிறது என்று சொல்லி அவரைத் திருப்பி அனுப்பாதீர்கள்.