போஸ்டருக்கு முன்னால் நிற்கப்போவது யார்?

கேள்வி: வேளச்சேரி, பள்ளிக்கரணை ஆழ்துளைக் கிணறுகளின் நீர்த்தரத்தை ஆய்வு செய்கிறேன். பல்கலைக்கழகக் கருத்தரங்கில் போஸ்டர் வைக்க வேண்டும். பிறகு எங்கள் பகுதிக் குடியிருப்போர் சங்கக் கூட்டத்திலும். ஒன்றே போதுமா? எங்கிருந்து தொடங்குவது?
– ஆய்வு மாணவி, சென்னை

பதில்: போதாது. தரவு ஒன்றுதான், ஆனால் பார்க்க வருபவர்களின் கேள்வி வேறு.

கருத்தரங்குக்கு வருபவர் "எத்தனை மாதிரிகள்? வடகிழக்குப் பருவமழைக்கு முன்பா, பின்பா?" என்பார். மாதிரி எடுத்த இடங்களின் நிலப்படம், சுருக்கமான செய்முறை, முக்கியமான ஒரு வரைபடம் அவருக்குப் போதும். சங்கக் கூட்டத்தில் கேட்கப்போவது "இந்தத் தண்ணியக் குடிக்கலாமா?" என்றுதான். அங்கே மின்கடத்துதிறன் என்றால் யாரும் நிற்க மாட்டார்கள். டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு) என்றால் ஆர்.ஓ. வைத்திருக்கும் வீடுகளுக்கெல்லாம் புரியும். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் அது லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கலாம்; வேறு நீராதாரமே இல்லையென்றால் 2000 வரை. இந்த இரண்டையும் கோடுகளாக வரைபடத்தில் போடுங்கள். டிடிஎஸ் குறைவாக இருந்தாலும் கிருமி இருக்கலாம் என்பதையும் அதன் கீழேயே எழுதிவிடுங்கள். கிணற்றின் கதவிலக்கம் வேண்டாம், தெருப் பெயரே போதும். இல்லாவிட்டால் கூட்டம் வீட்டுக்காரர் சண்டையில் முடியும்.

ஆகவே கணினியைத் திறக்கும் முன் தாளில் ஒரு வாக்கியம் எழுதுங்கள்: பார்த்தவர் போகும்போது எதைத் தெரிந்துகொண்டு, என்ன செய்ய வேண்டும்? அதற்கு உதவாதது எல்லாம் வெளியே. முதலில் வெட்ட வேண்டியது முந்தைய ஆய்வுகளின் தொகுப்பு. ஆய்வு வழிகாட்டி முகம் சுளித்தால், அதை ஏ4 தாளில் அச்சிட்டுக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

போஸ்டர் ஒட்டும் பலகையின் அளவையும், அது நெட்டுவாக்கா குறுக்குவாக்கா என்பதையும் அமைப்பாளர்களிடம் கேளுங்கள். ஏ0 என்றால் 841 × 1189 மி.மீ. பவர்பாயின்ட்டில் பக்க அளவை முதலிலேயே மாற்றிவிட வேண்டும். எழுத்தளவு: தலைப்பு 85 புள்ளி, உட்தலைப்பு 40, உள்ளடக்கம் 28க்குக் குறையாமல். தமிழில் எழுத்துக்கு மேலும் கீழும் புள்ளிகள், சுழிகள் வருவதால் வரி இடைவெளியைத் தாராளமாக விடுங்கள். மொத்தம் 300 சொற்களைத் தாண்ட வேண்டாம்.

படங்களில்தான் பலர் சறுக்குகிறார்கள். 800 பிக்சல் அகலப் படத்தை 40 செ.மீ.க்கு இழுத்தால் அங்குலத்துக்கு 50 பிக்சல்தான் மிஞ்சும், மங்கலாகத்தான் வரும். குறைந்தது 150 வேண்டும், அதாவது சுமார் 2400 பிக்சல்.

அச்சுக்கடைக்கு எழுத்துரு பொதிந்த பிடிஎஃப்-ஆகவே கொடுங்கள். மூலக் கோப்பைக் கொடுத்தால் அங்கே எழுத்துரு மாறி 'கொ', 'கோ' உடைந்து வரலாம். பளபளப்பான ஃப்ளெக்ஸ் டியூப்லைட்டில் கண்ணைக் கூசவைக்கும். பளபளப்பில்லாத மேட் தாளே நல்லது. பெரிய அச்சுக்கு முன் ஏ4-இல் ஒரு நகல் எடுத்துப் பாருங்கள். எல்லாம் நான்கில் ஒரு பங்காகி, 28 புள்ளி எழுத்து 7 புள்ளியாகும். கையில் பிடித்தபடி அதைப் படிக்கத் திணறினால், எழுத்தைப் பெரிதாக்கும் முன் இன்னொரு பத்தியை வெட்டுங்கள்.